அமாவாசை ஊசி

ஏலவார்குழலிக்குக் கைராசி என்று ஊரில் ஒரு பேர் பரவிவிட்டிருந்தது. அவள் ஊசி போட்டால் வலிக்காது, அவள் கட்டுப் போட்டால் புண் சீழ் வைக்காது, அவள் நாடி பிடித்துப் பார்த்தாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்றெல்லாம் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். பேர் வாங்கிய மனுஷிக்கு அதைக் கேட்கக் கசக்குமா? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று வாய் சொல்லும். முகம் மட்டும் பூரித்துப் போகும்.

காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருக்களுக்கு நடுவே, பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரி அது. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். கூட்டிப் பெருக்குவது முதல் நோயாளியைத் தூக்கிக் கட்டிலில் போடுவது வரை மற்ற எல்லாவற்றுக்கும் மணியம்மாள். அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் பின்பாதி. மாத்திரை கொடுத்தால் சனங்கள் முகம் சுளித்த காலம். ஊசி போட்டால்தான் அவர்களுக்கு வைத்தியம். ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே மதிக்கமாட்டார்கள்.

இந்த மோகத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். எல்லாச் சோதனையும் செய்து பார்த்தும் ஒன்றும் அகப்படாதவர்கள், ஊசி போடாமல் நகரமாட்டேன் என்று அடம் பிடிப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் பென்சிலின் பொடியைக் கரைப்பதற்காக வைத்திருக்கும் சுத்தத் தண்ணீரையே ஊசியில் ஏற்றிப் போட்டுவிடுவார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை. போட்டுக்கொண்டவரும் திருப்தியாக எழுந்து போவார். அதற்குத் தண்ணி ஊசி என்று தங்களுக்குள் ஒரு பேரும் வைத்திருந்தார்கள். அது தப்பு என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. குழலிக்கும்தான்.

கிருஷ்ணம்மாளுக்குப் போட்டதும் அந்த ஊசிதான்.

முதல் தடவை அவளை ஜட்கா வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முப்பதை ஒட்டிய வயசு, ஒடிசலான உடம்பு. சாயம் தோய்க்கிறவர் வீட்டில் பிறந்து தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கூடவே புருஷன் திருஞானசம்பந்தம், வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருந்தான். வலி அடிவயிற்றில் பிடித்து, மேலேறி, மார்பை அடைத்து, தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். எச்சில் இறங்காது, பேச்சு வராது. இரண்டு கை விரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிவிடும். குழலி ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். பிரிந்த விரல் விட்டதும் பழையபடி மடங்கிக்கொண்டது.

டாக்டர் காசிநாதன் தென்காசிப் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதுசு. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், ரத்தம் எடுத்தார், செங்கல்பட்டுக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்க வைத்தார். எதிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த அமாவாசைக்கு அதே ஜட்கா வாசலில் வந்து நின்றது. அதற்கு அடுத்த அமாவாசைக்கும் வந்தது.

"நோவு இல்ல. ஆனா வலி இருக்கு" என்றார் டாக்டர், கையைத் துடைத்துக்கொண்டே. "இப்படியும் உண்டு சிஸ்டர். மனசுல கிடக்கிற சங்கதி சில பேருக்கு ஒடம்பு வழியாத்தான் வெளிய வரும். இன்னிக்கு அந்த ஊசியவே போடுங்க. ஆனா அவ வீட்டுல என்ன நடக்குன்னு மெதுவா விசாரிங்க. அது ஏன் அமாவாசைக்கு அமாவாசை மட்டும் வருது?"

குழலிக்குச் சிரிப்பு வந்தது. தறிச் சத்தத்திலே பிறந்து, பாவு நீட்டிய தெருவிலே விளையாடி வளர்ந்தவள் அவள். இந்தச் சனங்களைப் பற்றித் தென்காசிக்காரர் அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"அதுக்கு அவங்கள எதுக்கு டாக்டர் கேக்கணும்? நானே சொல்றேன். அமாவாசை அன்னிக்கு எங்காளுங்க தறியில உக்கார மாட்டாங்க. மத்த நாள்ல நோவு வந்தாலும் அடக்கி வெச்சிக்கினு நெய்வாங்க. தறி நிக்கிற அன்னிக்குத்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எங்கம்மாவே அப்படித்தான். வேணும்னா வெளிய எட்டிப் பாருங்க, அமாவாசைன்னா நம்ம வாசல்ல எவ்ளோ கூட்டம்னு."

டாக்டர் எட்டிப் பார்த்தார். கூட்டம் இருக்கத்தான் செய்தது.

"அப்படியா? எனக்குத் தெரியாம போச்சே" என்றார். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. ஊர் தெரியாத மனிதர் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தார். ஊரை உள்ளங்கையில் வைத்திருந்தவள் நோயாளியின் வாயைத் திறக்கவிடாமல் தானே பதில் சொல்லிவிட்டாள். ஊர்க்காரிக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய தப்பு அது. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் அது தப்பு என்று அவளுக்கு வெகுநாள் தெரியாமலே இருந்தது.

அதற்குப் பிறகு கிருஷ்ணம்மாள் வருவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஜட்கா வந்து நிற்கும். மணியம்மாள் கைத்தாங்கலாக இறக்கி வந்து பெஞ்சில் உட்கார வைப்பாள். சம்பந்தம் வாசலிலேயே பீடி பற்ற வைத்துக்கொள்வான். குழலி கொதித்த ஊசியைக் கிண்ணத்திலிருந்து இடுக்கியால் எடுத்து, தண்ணீரை ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, மடங்கிய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். ஊசி போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்தபடி இருப்பாள். அதை அவள் வைத்தியமாக நினைத்துச் செய்யவில்லை, சுபாவமாகச் செய்தாள். மெல்ல மெல்ல விரல்கள் தளரும். தொண்டை திறந்து ஒரு பெருமூச்சு வரும்.

மூச்சு வந்ததும் கிருஷ்ணம்மாள் பேச ஆரம்பிப்பாள்.

"நர்ஸம்மா, எங்க வூட்ல இன்னிக்கு..."

"பேசாதீங்கம்மா. மூச்ச நல்லா இழுத்து வுடுங்க. பேசினா மருந்து ஏறாது."

வெளியே வரிசை வாசல் வரை நிற்கும். பிள்ளைக்குக் கண்வலி, கிழவருக்கு இருமல், யாரோ ஒருத்திக்குப் பிரசவ வலி. குழலிக்கு இருக்கிற வேலையில் இவள் வீட்டுக் கதைக்கு எங்கே நேரம்? மாமியார் கொடுமையாக இருக்கும், இல்லாவிட்டால் புருஷன் குடிகாரனாக இருப்பான், எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே என்று அவளே ஒரு கதையைக் கட்டி முடித்தும் வைத்திருந்தாள். கிருஷ்ணம்மாளும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாயெடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஆனால் அவள் உடனே எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. புருஷனை முன்னால் அனுப்பிவிட்டு, தாழ்வாரத்து பெஞ்சில் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு பிற்பகல் வரை உட்கார்ந்திருப்பாள். "வலிதான் போயிடுச்சே, வூட்டுக்குப் போய்ப் படுங்களேன்" என்று குழலி விரட்டாத குறையாகச் சொல்வாள். "இன்னும் கொஞ்ச நேரம் குந்திக்கினு இருந்துட்டுப் போறேனே நர்ஸம்மா" என்பாள் அவள். காற்றுக்கு உட்கார்ந்திருக்கிறாள், போகட்டும் என்று குழலி விட்டுவிடுவாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது.

அப்புறம் அந்த வளைகாப்பு. குழலியின் சித்தப்பா மகளுக்கு ஏழாம் மாதம். பந்தி முடிந்து, பெண்கள் கூடத்தில் பாயை விரித்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி குழலியின் கைராசியைப் பற்றி எடுத்துவிட்டாள். இன்னொருத்தி அதற்கு ஒத்து ஊதினாள். வயிறு நிறைந்திருந்தது, வெற்றிலை சிவந்திருந்தது, சுற்றிலும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள். குழலிக்கு நாக்கு அரித்தது.

"கைராசியாவது ஒண்ணாவது! எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு அம்மா வருது. அமாவாச தவறினாலும் அது தவறாது. தூக்கிக்கினுதான் வருவாங்க. கை இப்பிடி இழுத்துக்கும், தொண்ட அடைச்சிக்கும். நான் ஒரு ஊசி போடுவேன். எழுந்து நடந்து போயிடும். அது இன்னா ஊசி தெரியுமா? வெறும் தண்ணி!"

கூடம் கொல்லென்று சிரித்தது. குழலி கையை மடக்கி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கிருஷ்ணம்மாள் எப்படி இருப்பாள் என்று செய்தும் காட்டினாள். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவளும் கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரிய அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றி நிறைய விபூதி, கெட்டிக் கரை போட்ட பட்டுப்புடவை. குழலிக்கு முன்பின் தெரியாதவள்.

"வெறும் தண்ணியா நர்ஸம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. கொழாயில வர்றதக் கொஞ்சம் சுத்தம் பண்ணது. அவ்ளோதான்!"

மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மாள் வெற்றிலையை வாயில் போடாமலே எழுந்து போய்விட்டாள்.

குழலி பேரைச் சொல்லவில்லை. நோயாளியின் பேரை வெளியே சொல்லக் கூடாது என்று சென்னையில் படிக்கும்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதில் அவள் கறார்தான். வேறு ஊராக இருந்தால் பேரில்லாத கதை பேரில்லாமலே போயிருக்கும். ஆனால் நெசவுத் தெருவில் அமாவாசை அன்று எந்த வீட்டுப் பெண் எங்கே போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். தறி நின்றுவிடும், ஆண்கள் தெருவில் நிற்பார்கள், குளித்த ஈரத் தலையோடு பெண்கள் வாசலில் நிற்பார்கள். மற்றவர்கள் எப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஜட்கா வைத்துக்கொண்டு போகிறவள் அத்தனை தெருவிலும் ஒருத்திதான். பேரைச் சொன்னதற்கும் அமாவாசை என்று சொன்னதற்கும் அங்கே வித்தியாசமே கிடையாது. அது குழலிக்குத் தெரியாத விஷயமா? தெரியும். சிரிக்க வைக்கிற மும்முரத்தில் அதை யோசிக்கவில்லை.

அடுத்த அமாவாசைக்கு ஜட்கா வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

"நம்ம தண்ணி ஊசி கேட்டுடுச்சு டாக்டர். அந்தம்மா வர்றதே இல்ல" என்றாள் குழலி பெருமையாக.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுல விசாரிச்சீங்களா?"

"அதான் சரியாப் போச்சே. இனிமே எதுக்கு டாக்டர் விசாரிக்கணும்?"

விஷயத்தைச் சொன்னவள் மணியம்மாள். கட்டுத் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டே, சாதாரணமாக ஊர்க்கதை சொல்வது போலத்தான் ஆரம்பித்தாள். கிருஷ்ணம்மாள் வீட்டுக்குப் பின் தெருவில் அவள் குடியிருந்தாள்.

"உங்களுக்கு சங்கதியே தெரியாதாம்மா? ஏதோ வளைகாப்புல நீங்க சொன்னீங்களாமே, தண்ணிதான் போடறோம்னு. அதோட ஓரவத்தி, மூத்தார் பொண்டாட்டி காமாட்சியம்மா அங்கதான் குந்திக்கினு இருந்துச்சாம். நேரா வந்து சம்பந்தத்தாண்ட சொல்லிட்டாங்க. இப்ப அதுக்கு வலி வந்தா அந்தாளு ஒரு சொம்புத் தண்ணி மொண்டாந்து மூஞ்சில அடிக்கிறாரு. 'ஆஸ்பத்திரியில குத்துறதும் இதான், வூட்லயே வாங்கிக்கோ'ன்னு. தெருவே சிரிக்குது போ."

குழலி கையிலிருந்ததை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணியம்மாள் பேசிக்கொண்டே போனாள். "அமாவாச வந்தாலே அதுக்குக் கண்டம்தான். அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு வந்துடறாங்க இல்ல."

"எந்தப் பொண்ணு?"

"அட, அதுவும் தெரியாதா? அது மூணாவதாப் பெத்த பொண்ணும்மா, ரேணு. ரேணுகாம்பா. மூத்தாருக்குக் கொழந்த இல்லன்னுட்டு, பால் மறக்கறதுக்கு முந்தியே தூக்கிக் குடுத்துட்டாங்க. மாமியாரும் புருஷனும் பேசி முடிச்சாங்க, இத ஒரு வார்த்த கேக்கல. அவங்க சின்ன காஞ்சிபுரத்துல இருக்காங்க. மத்த நாள்ல தறிய வுட்டுட்டு எங்க வர்றது? மாமியார் செத்துப் போனதுலேர்ந்து, அமாவாசைன்னா தறி கெடயாது, எல்லாரும் கெளம்பி இங்க வந்து படையல் போட்டுச் சாப்ட்டுட்டுப் போவாங்க. அந்தப் பொண்ணு பெத்தவளப் பாத்து சித்தின்னு கூப்புடும்."

தறி நிற்கிற நாள். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். அமாவாசைக்குத் தறி நிற்கும் என்பதற்கு மேலே ஒரு எட்டு வைத்திருந்தால் போதும். தறி நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். டாக்டர் கேட்கத்தான் சொன்னார். அந்தப் பெண் சொல்லத்தான் வாயெடுத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் தான் ஒரு கதவு மாதிரி நின்றுகொண்டிருந்தது குழலிக்கு இப்போது தெரிந்தது. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அதைவிட, கூடத்தில் கையை மடக்கிக் காட்டியது நினைவுக்கு வந்தபோது எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வளைகாப்பை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். விடாமல் சொன்னாள்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தண்ணி ஊசி போடச் சொன்னவன் நான்தானே. அதுல பாதி என் தப்பு" என்றார். "ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க சிஸ்டர். அவ வலி நெசம். குடல்ல புண்ணு வந்தவனுக்கு எப்படி வலிக்குமோ அப்படித்தான் அவளுக்கும் வலிச்சிருக்கும். நாமதான் அத விளையாட்டா எடுத்துக்கிட்டோம். போய்க் கூட்டிட்டு வாங்க. ஊசி வேண்டாம். வந்து உக்காந்து பேசட்டும். பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க கேட்டுக்கிட்டு இருங்க, வேற வேலை பாக்க வேண்டாம்."

அடுத்து வந்த அமாவாசைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கவுனைக் கழற்றிப் புடவை கட்டிக்கொண்டு குழலி புறப்பட்டாள்.

நீளமான வீடு. முன்கட்டில் தறிமேல் பழைய வேட்டியைப் போர்த்தி மூடியிருந்தார்கள். சீயக்காய் வாசனையும் வடை வேகிற வாசனையும் கலந்து வந்தது. படையல் முடிந்து, கூடத்தில் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தம், அவன் அண்ணன், சம்பந்தத்தின் இரண்டு பையன்கள். தூணோரமாக, வளைகாப்பில் பார்த்த அந்தப் பட்டுப்புடவை அம்மாள்; அவள்தான் காமாட்சியம்மாள். அவள் மடியை ஒட்டி, ஆறேழு வயசில், இரட்டைப் பின்னலும் கனகாம்பரமுமாக ஒரு பெண் குழந்தை. காமாட்சியம்மாள் சோற்றைப் பிசைந்து உருட்டி அதன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணம்மாள்தான் பரிமாறினாள்.

குழலியைப் பார்த்ததும் சம்பந்தம் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஆனாலும் வந்தவளை வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா? "வாங்க நர்ஸம்மா. எல போடட்டுமா?" என்றாள் காமாட்சியம்மாள்.

"இருக்கட்டும்மா. சாப்புடுங்க, நான் இருக்கேன்." குழலி சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள். அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. கொடுத்த நாளிலிருந்து, பெற்றவள் அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டக் கூடாது, தலை வாரக் கூடாது, தூக்கக் கூடாது. பிள்ளையின் மனசு இரண்டாகிவிடுமாம். இந்த விவரமெல்லாம் குழலிக்குப் பின்னால்தான் தெரியவந்தது. ஆனால் அப்படி ஒன்று இருப்பது கிருஷ்ணம்மாள் பரிமாறுவதைப் பார்த்தபோதே தெரிந்தது. மற்ற இலைகளுக்குக் குனிந்து பரிமாறியவள், குழந்தை இருந்த பக்கம் வரும்போது நிமிர்ந்து நின்று, கிண்ணத்தைக் காமாட்சியம்மாளின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"சித்தி, இன்னும் ஒரு வட" என்றது குழந்தை, அவளைப் பார்த்து, வெகு சந்தோஷமாக.

கிருஷ்ணம்மாள் வடையை எடுக்கக் கையை நீட்டினாள். தட்டு கீழே விழுந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். விரல்கள் மடங்கிவிட்டன. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. குழந்தை பயந்துபோய்க் காமாட்சியம்மாளின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஆரம்பிச்சிட்டாய்யா" என்று சம்பந்தம் எச்சில் கையோடு எழுந்து சொம்பை எடுத்தான். குழலி குறுக்கே போய்ச் சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தம்மாவுக்கு நெசமாவே வலிக்குதுங்க. நடிப்பு இல்ல. டாக்டரே சொல்றாரு."

"நீங்கதானம்மா தண்ணின்னு சொன்னது?" சம்பந்தத்தின் குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் ஆசையா இப்பிடிப் பண்ணணும்னு? தெருவுல தல நிமுந்து நடக்க முடியல. தண்ணிக்கு எறங்கற வலிக்கு ஒரு வருசமா ஜட்கா வெச்சிக்கினு அலஞ்சியான்னு எல்லாரும் கேக்கறாங்க."

குழலிக்கு வேறு வழி தோன்றவில்லை. ஒரு பொய்யைச் சொன்னாள்.

"அது தண்ணி இல்லீங்க. நல்ல மருந்துதான். அன்னிக்கு வெளயாட்டுக்குச் சொன்னேன்."

காமாட்சியம்மாள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே தலையை அசைத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"இல்ல நர்ஸம்மா. அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க. பொய் சொல்றவங்க அப்பிடி வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்க மாட்டாங்க. இப்ப சொல்றதுதான் பொய்." கொஞ்சம் நிறுத்தி, "நான் ஒண்ணும் கெட்டவ இல்லம்மா. பெத்தவ கண்ணுல படட்டும், கண்குளிரப் பாக்கட்டும்னுதான் மாசா மாசம் இவளக் கூட்டிக்கினு வர்றேன். நாங்க வர்ற நாளாப் பாத்து இவ ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போவா. எனக்கு மனசு எப்பிடி இருக்கும் சொல்லுங்க? நோவுன்னு சொன்னதால சும்மா இருந்தேன். நோவே இல்லன்னு உங்க வாயாலதானே கேட்டேன்."

குழலி கையிலிருந்த சொம்பைத் தூணோரமாக வைத்தாள். அந்த அம்மாளைத் திட்டவாவது முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டுவதற்கு அங்கே ஆளில்லை.

கிருஷ்ணம்மாளைத் தாங்கிக்கொண்டு பின்கட்டைத் தாண்டித் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். கிணற்றடியில், துவைக்கிற கல்லின்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். குழலி மடங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஊசி இல்லை, ஒன்றும் இல்லை. வெகுநேரம் கழித்து விரல்கள் தளர்ந்தன. முதலில் மூச்சு வந்தது, அப்புறம் பேச்சு.

"அது தண்ணின்னு எனக்கு மொதல்லயே தெரியும் நர்ஸம்மா."

குழலி திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"எனக்குப் போட்ட அதே சீசாத் தண்ணியில பொடியக் கலக்கித்தானே அடுத்தாளுக்குப் போடுவீங்க? நான் சாயக்காரர் வூட்டுப் பொண்ணு. பொடி போட்டது எது, போடாதது எதுன்னு தெரியாதா?"

"தெரிஞ்சா அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?"

"வலிதான். வலி நெசம் நர்ஸம்மா, நான் நடிக்கல. சாமி சத்தியமா நடிக்கல. அவங்க வர்ற அன்னிக்கு விடியும்போதே வயித்துல புடிச்சிக்கும். நீங்க கையப் புடிச்சிக்கினு குந்தினா எறங்கும். அப்புறம் அந்த பெஞ்சில இருப்பேன். நான் வூட்டுக்கு வர்றதுக்குள்ள அவங்க சாப்ட்டுட்டுக் கெளம்பிப் போயிருப்பாங்க. அது வாயால சித்தின்னு கேக்காம ஒரு மாசத்த ஓட்டிடுவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாக்கணும்னு ஆச இல்லியான்னா, இருக்குது. பாத்தா இப்பிடி ஆயிடுது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்கத் தனக்கு என்ன வாய் இருக்கிறது என்று குழலிக்கு உறைத்தது.

"சொல்ல வந்தேனே. பேசினா மருந்து ஏறாதுன்னீங்க." குற்றம் சொல்கிற தொனியே அதில் இல்லை. "சரி, அவங்களுக்கு இருக்கிற வேலையில நாம வேறயான்னு வுட்டுட்டேன்."

குழலி அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவுகளைப் பார்த்தும் நோயாளியின் முன்னால் அழாதவள் அவள். கிருஷ்ணம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வாங்கம்மா. என்கூடவே வந்துடுங்க. டாக்டர் கூட்டிக்கினு வரச் சொல்லியிருக்காரு. ஊசி கெடயாது, ஒண்ணும் கெடயாது. நீங்க பேசுங்க, நான் கேக்கறேன். அமாவாசைக்கு அமாவாச வாங்க. எவ்ளோ நேரம் வேணுமோ இருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கிருஷ்ணம்மாள் அவளை நன்றாகப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு ஆசை எழுந்து அடங்கியது குழலிக்கு நன்றாகத் தெரிந்தது.

"இன்னான்னு சொல்லிட்டு வர்றது நர்ஸம்மா?" என்று கேட்டாள். "முன்ன வலின்னு சொல்லுவேன், ஜட்கா கூப்புடுவாங்க. இப்ப இன்னான்னு சொல்லட்டும்?"

உள்ளேயிருந்து சம்பந்தம் மோர் கேட்டுக் கூப்பிட்டான். கிருஷ்ணம்மாள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கலைந்த தலையைச் சரி செய்துகொண்டு உள்ளே போனாள். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று குழலி கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகிற வரைக்கும் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.